லாரியில் எழுதிய நம்பர்

ஈச்சங்காடு சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். மேடவாக்கம் மெயின் ரோடும் பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி ரேடியல் ரோடும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் எத்தனை தண்ணீர் லாரிகள் போகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். எல்லா லாரியின் முதுகிலும் ஒரு போன் நம்பர் பெரிதாக எழுதியிருக்கும். கடைப் பெயர்கூட சின்னதாகத்தான் இருக்கும். நம்பர்தான் பெரிது. காரணம், இந்தத் தொழிலில் நம்பர்தான் கடை!

கோவிலம்பாக்கத்தில் அப்படி ஒரு தண்ணீர் லாரி ஆபீஸ். மூன்று லாரி, ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு போன். நடத்துபவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கணக்கு வழக்கு பார்ப்பது பி.காம். படித்த மகள். 2023 மார்ச்சில் அந்த ஆபீஸுக்கு ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. பழைய தரைவழி போனை எடுத்துவிட்டு இன்டர்நெட் வழியாகப் பேசும் போன் அமைப்புக்கு மாறலாமா, வேண்டாமா?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அப்பாவும் மகளும் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினார்கள்.

பழைய போனின் கதை

தொண்ணூறுகளில் வீட்டுக்குப் போன் வாங்குவது சாதாரண விஷயம் இல்லை. எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய போன் இது. அப்போது நம்பருக்கு ஏழு இலக்கம். பிறகு சென்னை நம்பர்கள் எல்லாம் எட்டு இலக்கமானபோது முன்னால் ஒரு 2 வந்து ஒட்டிக்கொண்டது. லாரியில் ஏழு எழுத்தையும் இடம் பார்த்து எழுதிவிட்ட பெயின்டர், அந்த 2-ஐ ஓரத்தில் நெருக்கித்தான் எழுத முடிந்தது. அந்த லாரி பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆனால் புது லாரிகளிலும் 2 ஓரமாக ஒண்டிக்கொண்டுதான் இருக்கிறது. "அப்படி இருந்தாத்தான் நம்ம வண்டி" என்பார் பெரியவர்.

அந்த நம்பர் எங்கெல்லாம் இருக்கிறது தெரியுமா? நன்மங்கலம், கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து அபார்ட்மென்ட்களின் மோட்டார் ரூம் சுவர்களில், வாட்ச்மேன்களின் டைரிகளில், சமையலறைக் காலண்டர்களின் மூலையில், பல பேரின் மனப்பாடத்தில். பெரும்பாக்கம் பக்கம் எட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். எட்டு வீட்டுக்கும் சேர்த்து அவர்தான் லோடு சொல்வார். பத்து நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவார். அவரிடம் இருப்பது பட்டன் வைத்த போன்தான்.

இப்படிப்பட்ட போனுக்கு என்ன குறை? ஒரே குறை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

2019 கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போன வருடம். அந்த ஜூன் மாதம் இந்த போன் விடிகாலை முதல் நள்ளிரவு வரை ஓயவில்லை. ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னும் எத்தனை பேர் முயற்சி செய்தார்கள்? யாருக்கும் தெரியாது. எங்கேஜ்டு டோனுக்குக் கணக்கு கிடையாது! அந்த அழைப்புகள் வேறு நம்பருக்குப் போயிருக்கும். சிலர் தண்ணீரே இல்லாமல் இருந்திருப்பார்கள். மகளை உறுத்திய விஷயம் இதுதான்.

விற்க வந்தவர் சொன்னது

மார்ச் மாதம் டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். ஒரே நம்பரில் ஒரே நேரத்தில் பத்து பேர் பேசலாம். ஆபீஸில் ஆள் இல்லாவிட்டால் கைபேசியில் அடிக்கும். யார் எப்போது கூப்பிட்டார்கள், யாருடைய அழைப்பு தவறியது என்று எல்லாம் பதிவாகும். "12,000 லிட்டருக்கு ஒன்றை அழுத்தவும், புகாருக்கு இரண்டை அழுத்தவும்" என்று இயந்திரமே பேசும். செலவும் பாதியாகக் குறையும். மகளுக்குக் கண் விரிந்தது.

பெரியவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"கரண்ட் போனா என்ன தம்பி ஆகும்?"

"யு.பி.எஸ். வெச்சுக்கலாம் சார்."

"நம்பர் இதேதானா?"

"புது நம்பர் சார். ஞாபகம் வெச்சுக்கிற மாதிரி ஃபேன்சியா குடுத்துடுவோம்."

பெரியவர் ஒன்றும் சொல்லாமல் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு மகளிடம், "ஆழம் பார்த்துட்டு எறங்கும்மா" என்றார். மகள் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்து விசாரிக்க ஆரம்பித்தார்.

அது எப்படி வேலை செய்கிறது?

பழைய தரைவழி போன், இரண்டு வீட்டுக்கு நடுவே பைப் போட்டதைப் போல. பேசி முடிக்கும் வரை அந்தப் பாதை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான். இன்டர்நெட் போன், தண்ணீரைக் கேன் கேனாக நிரப்பி வண்டிகளில் அனுப்புவதைப் போல. பேச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பெரும்பாலும் ஒரு நொடிக்கு ஐம்பது துண்டு என்று அனுப்புகிறார்கள். மறுமுனையில் துண்டுகளைச் சேர்த்துக் குரலாக்குகிறார்கள்.

இதற்கு மிக வேகமான இன்டர்நெட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 100 கிலோபிட் போதும். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட் அளவுதான். வேகத்தைவிட ஒழுங்குதான் முக்கியம். கேன்கள் தாமதமாக வந்தாலோ, நடுவில் நாலு கேன் காணாமல் போனாலோ பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 150 மில்லி நொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று தொடங்கிவிடும்.

ஆகவே விற்பவரிடம் "எத்தனை மெகாபிட்?" என்று கேட்பதைவிட, சாயங்காலம் ஏழு மணிக்கு, தெருவே படம் பார்க்கும் நேரத்தில், ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது.

செலவு மிச்சம் என்பது உண்மையா?

இது வெளிநாட்டில் பிறந்த வாதம். ஒருகாலத்தில் இங்கேயும் உண்மையாகத்தான் இருந்தது. எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய தலைமுறைக்கு அது தெரியும். இன்டர்நெட் வழியே பேசுவதை இந்திய அரசு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதித்தது. பிரவுசிங் சென்டர்களில் துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் மலிவாகப் பேசியவர்கள் ஏராளம். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளூர்த் தரைவழி போனுக்கோ கைபேசிக்கோ பேச மட்டும் அனுமதி இல்லை.

அந்தக் கதவு திறக்கப் பல வருடம் ஆனது. 2008-இலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2014 நவம்பரில் ஸ்கைப், இந்தியாவுக்குள் தரைவழி, கைபேசி எண்களுக்குப் பேசும் வசதியை நிறுத்தியது. 2017 அக்டோபரில் டிராய் மறுபடியும் பரிந்துரைத்தது. 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை வழிவிட்டது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில் இன்டர்நெட் போன் சேவையை அறிவித்தது.

கதவு திறந்தபோது சாலையே மாறிவிட்டிருந்தது. 2006 மார்ச்சில் வந்த 'ஒன் இந்தியா' திட்டத்தில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் ஆனது. 2016-க்குப் பிறகு மாதக் கட்டணம் கட்டினால் பேசுவது இலவசம் என்றே ஆகிவிட்டது. கோவிலம்பாக்கத்திலிருந்து மடிப்பாக்கத்துக்குப் பேசும் ஒரு லாரி ஆபீஸுக்கு இதில் என்ன மிச்சமாகும்? மகள் ஒரு வருட பில்லை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். புது அமைப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை கேட்டார்கள். அதைச் சேர்த்தால் செலவு குறையவில்லை, கூடியது! விற்க வந்தவர் பொய் சொல்லவில்லை. வேறு ஊரின் கணக்கை இங்கே சொன்னார், அவ்வளவுதான். வெளிநாட்டுக்கும் பல கிளைகளுக்கும் ஓயாமல் பேசும் நிறுவனமாக இருந்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மிகவும் மலிவாகத் தருகிறேன் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு இன்டர்நெட் அழைப்புகளைத் திருட்டுத்தனமாக உள்ளூர் அழைப்பாக மாற்றும் 'சிம் பாக்ஸ்' வேலை சட்டப்படி குற்றம். சேவை தருபவர் உரிமம் பெற்றவரா, அல்லது உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பில் தருகிறாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கரண்ட் போனால்?

பெரியவரின் முதல் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. பழைய செப்புக் கம்பி போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பியில் வருகிறது. 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருக்கும். அதனால்தான் தெருவே இருட்டில் இருந்தாலும் அந்த போன் மட்டும் அடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கைபேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்துபோயின. அப்போதும் இந்த ஆபீஸ் போனில் டயல் டோன் இருந்தது. அதைப் பெரியவர் மறக்கவில்லை.

ஃபைபரில் அந்த வசதி கிடையாது. கண்ணாடி இழையில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. வீட்டில் இருக்கும் மோடம் பெட்டிக்கு நம் கரண்ட்தான் வேண்டும். அது போனால் போனும் போச்சு.

இந்தக் கவலை கோவிலம்பாக்கத்துக்கு மட்டும் உள்ளதல்ல. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலைப்பின்னலை 2025 டிசம்பரோடு மூடிவிடத் திட்டமிட்டிருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் ஆபத்தில் அழுத்தும் அபாய பட்டன்கள் பழைய போன் கம்பியை நம்பி இருந்தன. அவற்றை மாற்றி முடிக்காமல் மூடினால் உயிருக்கே ஆபத்து என்று, கடைசித் தேதியை 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தார்கள். அவ்வளவு பெரிய நாடே நிதானிக்கும்போது மூன்று லாரி வைத்திருப்பவர் நிதானிப்பதில் தப்பில்லையே!

ஆனால் மறுபக்கமும் உண்டு. செப்புக் கம்பி இப்போது யாருக்கும் செல்லப்பிள்ளை இல்லை. சாலையை யார் யாரோ எதற்கெதற்கோ தோண்டுகிறார்கள். கம்பி அறுந்தால் ஒட்டுப்போடத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2022 மழைக்காலத்தில் இந்த போன் பதினோரு நாள் ஊமையாகக் கிடந்தது. பழையதே பாதுகாப்பு என்று சொல்லி உட்கார்ந்திருக்கவும் முடியாது.

நம்பர் யாருடையது?

இரண்டாவது கேள்விதான் கனமானது. கைபேசியில் நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்துவிட்டது. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போனால் நம்பரை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

புது நம்பர் எவ்வளவு ஃபேன்சியாக இருந்தால் என்ன? மோட்டார் ரூம் சுவர்களை யார் போய் அழித்து எழுதுவது? தண்ணீர் தீர்ந்த ராத்திரியில் டீச்சர் மனப்பாடமாக அழுத்துவது பழைய நம்பரைத்தான். நிறுவனங்கள் வரும், போகும். 2003-இல் தொடங்கி உலகமே பேசிய ஸ்கைப், 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டது. அப்படியிருக்க, நேற்று முளைத்த ஒரு நிறுவனத்தின் நம்பரை லாரி முதுகில் பெயின்ட் அடிக்கலாமா?

எடுத்த முடிவு

விசாரித்ததில் மகளுக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. விற்க வந்தவர் காட்டிய சொர்க்கத்தில் பாதி, வேறு வழியிலேயே கிடைக்கிறது. இப்போதுள்ள போன் நிறுவனமே செப்புக் கம்பியை ஃபைபராக மாற்றித் தரும், நம்பர் அப்படியே இருக்கும். போன் எங்கேஜ்டாக இருந்தாலோ தொடர்பு அறுந்தாலோ அழைப்பு தானாக வேறொரு நம்பருக்குப் போகும்படி செய்யலாம். எங்கேஜ்டு டோனுக்கு மருந்து இவ்வளவுதான்!

அந்த 'வேறொரு நம்பர்' மட்டும் இன்டர்நெட் போனாக இருக்கட்டும் என்று முடிவானது. மூன்று மாதம் சோதனை. அங்கே வரும் அழைப்பு மகளின் கைபேசியிலும் மேனேஜரின் கைபேசியிலும் ஒரே நேரத்தில் அடிக்கும். தவறிய அழைப்பு பதிவாகும். அதைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடலாம். மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ்.

"ஒன்றை அழுத்தவும்" மட்டும் வேண்டாம் என்று பெரியவர் அடியோடு மறுத்துவிட்டார். மகள் வாதாடினார்.

"எல்லா இடத்துலயும் இப்ப அதாம்ப்பா."

"தண்ணி இல்லாம கூப்பிடுறவங்கம்மா. மெஷின்கிட்ட என்னத்தச் சொல்லுவாங்க? டீச்சர் வெச்சுட்டுப் போயிடுவாங்க."

மகள் விட்டுக்கொடுத்தார். பதிலுக்குப் பெரியவரும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும்போது அந்தப் பழைய நோட்டு எதற்கு என்று மகள் கேட்டார். யார், எந்தத் தேதி, எத்தனை லிட்டர் என்று அவர் கைப்பட எழுதும் நோட்டு. "சரி, ஒரு வருஷம் ரெண்டும் இருக்கட்டும்" என்றார் பெரியவர். அது விட்டுக்கொடுத்ததா இல்லையா என்று மகளுக்கே புரியவில்லை.

டிசம்பர்

மூன்று மாதச் சோதனை நன்றாகவே போனது. முதல் வாரத்திலேயே தவறிய அழைப்புகளின் பட்டியலைப் பார்த்துப் பெரியவர் வாயடைத்துப் போனார். தினமும் இத்தனை பேரா எங்கேஜ்டு டோன் கேட்டுவிட்டு வைத்தார்கள்?

பிறகு 2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் தண்ணீரில். கரண்ட் போனது. சின்ன யு.பி.எஸ். சில மணி நேரம் தாக்குப்பிடித்தது, பிறகு மோடம் அணைந்தது. சொல்லிவைத்தபடி அழைப்புகள் கைபேசிக்குத் திரும்பின. கொஞ்ச நேரத்தில் கைபேசி சிக்னலும் போய்விட்டது. அதன் பிறகு பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆபீஸில் மழைச் சத்தம் மட்டும்தான்.

ஊரெல்லாம் தண்ணீர், குடிக்க மட்டும் தண்ணீர் இல்லை. கீழ்த்தளத் தொட்டிகளில் சாக்கடை கலந்துவிட்டது. ஆனால் ஒரு அழைப்புகூட வரவில்லை. வர வழியில்லை.

சாலையில் லாரி போகும் அளவுக்குத் தண்ணீர் வடிந்ததும் பெரியவர் நோட்டை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். நோட்டில் கடைசித் தேதிகளைப் பார்த்து வரிசை போட்டார். யாருக்கு இந்நேரம் தீர்ந்திருக்கும்? டிரைவரிடம் முதலில் பெரும்பாக்கம் பக்கம் விடச் சொன்னார்.

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து டீச்சர் லாரியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"போனே போகலையேப்பா... எப்படி வந்தீங்க?"

"பத்து நாளைக்கு ஒருக்கா கூப்பிடுவீங்க டீச்சர். இன்னிக்குப் பதினொண்ணு."

தொட்டியை இறைத்துக் கழுவிவிட்டு லோடு இறக்கினார்கள். அன்றைக்கு அந்த லாரி எத்தனை நடை போனது என்று நோட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அன்றைய பக்கம் காலி.

இதைக் கேட்டுவிட்டு, புது போன் தோற்றுவிட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அந்த ஆபீஸில் அது இன்னும் இருக்கிறது. எங்கேஜ்டு டோன் கேட்டு வைத்துவிடுபவர்கள் இப்போது அநேகமாக இல்லை. மாறலாமா என்று யோசிக்கும் எந்தத் தொழிலுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். நம்பர் நம்மோடு வருமா? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம்? மிச்சமாகும் என்பது யாருடைய கணக்கு? கூப்பிடுபவர் யார், அவருக்கு இது எளிதா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் மாறுவதில் தயக்கம் வேண்டாம்.

போன் அமைப்பைப் பற்றிய முடிவில் ஒரே ஒரு திருத்தம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மகள்தான். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வாடிக்கையாளர் பட்டியலைக் கடைசி லோடு தேதியோடு பிரின்ட் எடுத்து லாரிக்கு ஒன்றாக வைத்துவிடுகிறார். பெரியவர் அதை வாங்கித் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் டிரைவரிடம் கொடுக்கிறார்.